பிடிச்சதைப் படிச்சா பிடிக்காமப் போகுமா?

"பிடிச்சதைக் காலேஜ்ல படிக்காதே, பிடிக்காமப் போயிரும்." கோரிப்பாளையம் டீக்கடையில இருந்து எல்லா இடத்துலயும் இதே அறிவுரை. எரிச்சலா வருதுங்க.

ப்ளஸ் டூ சமயத்துல, தர்காகிட்ட பஸ்ஸுக்கு நிக்கிறப்பகூட குறுந்தொகை வாசிச்சவன் நான். தமிழ் இலக்கியம் மூணு வருஷம் படிச்சு முடிச்சப்போ அதைத் தொடவே பிடிக்கல. குத்தம் குறுந்தொகை மேலயா? திணை, துறை, கூற்றுன்னு ரெண்டு ரெண்டு மார்க்கா கூறுபோட்ட கைடு மேல. பாட்டை வாசிக்காமலே பாஸாகலாம். வாசிச்சவனுக்கு அரை மார்க்கும் கூடக் கிடையாது!

ஏ.கே. ராமானுஜனும் பல்கலைக்கழகத்து ஆளுதான். 1962-ல் சிகாகோ நூலகத்துல பழந்தமிழ் இலக்கணம் தேடப் போனவர் கையில் உ.வே.சா.வின் 1937 குறுந்தொகைப் பதிப்பு சிக்குச்சு. 1967-ல் ஆங்கில மொழிபெயர்ப்பே வந்துருச்சு. படிப்பு அவர் ஆசையைக் கொல்லலையே? திணையும் துறையும் அவருக்குப் பாட்டுக்குள்ள போற வாசல். நமக்குக் கோடிட்ட இடம்.

தமிழ் எடுக்க வர்ற பிள்ளைகளை மிரட்டாதீங்க மக்களே. கேள்வித்தாளை மாத்தச் சொல்லிச் சண்டை போடுங்க. பாடத்துல இல்லாத ஒரு பாட்டைக் கொடுத்து, "உனக்கு என்ன தோணுது, எழுது"ன்னு கேட்கட்டும். அப்புறம் பார்ப்போம், யாருக்குப் பிடிக்காமப் போகுதுன்னு.