எரிதலும் மக்குதலும்

கரும்பு வெட்டு முடிந்ததும் வயலில் கிடக்கும் சோகைக்குத் தீ வைப்பது பல கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. அறுவடை இயந்திரம் சென்ற நெல் வயல்களிலும் தாளையும் சிதறிய வைக்கோலையும் கொளுத்தும் வழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. ஆள் கிடைப்பதில்லை, அடுத்த பயிருக்குக் காலம் போதவில்லை, எலியும் பூச்சியும் சேருகின்றன என்று குடியானவர்கள் இதற்குக் காரணம் கூறுகிறார்கள். இக்காரணங்கள் பொய்யல்ல. ஆயினும், ஒரு மாலைப் பொழுதில் புகையாய்ப் போவது யாது, அது எங்கிருந்து வந்தது, அதைத் திரும்பப் பெற எத்தனை ஆண்டுகள் ஆகும் என்னும் கணக்கைப் பாராமல் தீ வைப்பது விவேகமாகாது. அந்தக் கணக்கு வாயு மண்டலத்திலிருந்தே தொடங்குகிறது.

காற்றில் உள்ளவை

ஈரம் நீங்கிய காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் வாயு. ஏறக்குறைய 21 பங்கு பிராணவாயு. எஞ்சிய ஒரு பங்கில் பெரும்பாலும் ஆர்கான் என்னும் செயலற்ற வாயுவே அடங்கும். பயிருக்கு ஆகாரமாகிய கரியமில வாயுவோ மிகச் சொற்பம். 1750ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் அது 10,000 பங்கு காற்றில் 2.8 பங்கு அளவே இருந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்பட்டதாலும் காடுகள் அழிக்கப்பட்டதாலும் இன்று அது 4.2 பங்குக்கு மேல் உயர்ந்திருக்கிறது. அவ்வாறு உயர்ந்தும், காற்றில் மிகக் குறைந்த பொருள்களுள் ஒன்றாகவே அது இருக்கிறது. இந்தச் சொற்பமான வாயுவைக் கொண்டே பூமியின் காடுகளும் கழனிகளும் கட்டப்பட்டிருக்கின்றன என்பது கேட்பவர்க்கு வியப்பாகத் தோன்றும்.

செடி மண்ணைத் தின்று வளர்கிறது என்பது பழைய எண்ணம். ஃவான் ஹெல்மாண்ட் என்னும் அறிஞர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் ஐந்து பவுண்டு எடையுள்ள ஒரு மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் 169 பவுண்டு ஆயிற்று. மண்ணோ இரண்டு அவுன்ஸ் மட்டுமே குறைந்திருந்தது. 1648ஆம் ஆண்டு வெளிவந்த இச்சோதனையின் முடிவிலிருந்து, மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் கருதினார். அது பாதி உண்மையே. இலைகள் சூரிய ஒளியில் மட்டுமே காற்றைச் சுத்தி செய்கின்றன என்பதை 1779ஆம் ஆண்டு இங்கன்ஹௌஸ் காட்டினார். அதன் பின்னரே, கரியமில வாயுவும் நீரும் வெயிலின் சக்தியால் பச்சிலையில் சேர்ந்து சர்க்கரையாகின்றன என்பது படிப்படியாகத் தெளிந்தது. மாவும் நாரும் எண்ணெயும் மரமும் அந்தச் சர்க்கரையிலிருந்தே பிறக்கின்றன. உலர்ந்த செடியின் எடையில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் கரி, பிராணவாயு, ஹைட்ரஜன் ஆகிய மூன்றே. இவை காற்றும் நீரும் தந்தவை. மண் தந்தது சாம்பலில் மிஞ்சும் உப்புகளும் தழைச்சத்துமே. ஆகவே, வயலில் கிடக்கும் சோகை என்பது ஓராண்டு வெயிலைச் சேர்த்து வைத்த களஞ்சியமாகும்.

இரு வழிகள்

சுவாசமும் ஒருவகை எரிதலே என்பதைப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் லவாய்சியர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைநாட்டினார். அடுப்பில் விறகு பிராணவாயுவை ஏற்றுக் கரியமில வாயுவையும் வெப்பத்தையும் வெளியிடுகிறது. உடலில் உணவும் அவ்வாறே செய்கிறது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் மண்புழுக்களும் சோகையைத் தின்னும்போது நிகழ்வதும் அதுவே. எனவே, எரிந்தாலும் மக்கினாலும் சோகையின் பெரும் பகுதி முடிவில் காற்றுக்கே திரும்புகிறது.

அவ்வாறாயின் இரண்டிற்கும் வேற்றுமை என்ன என்று கேட்கலாம். வேற்றுமை, அதன் சக்தி யாருக்குப் பயன்படுகிறது என்பதில் இருக்கிறது. தீயில் அச்சக்தி அனைத்தும் சில நாழிகையில் வெறும் அனலாகிக் காற்றோடு போகிறது. மக்குதலில் அது பல மாதங்கள் மண்ணின் உயிர்களுக்கு உணவாகிறது. அவை மண் துகள்களைப் பிணைத்துப் பொலபொலப்பாக்குகின்றன. நீர் இறங்கவும் வேர் ஓடவும் வழி செய்கின்றன. மடியும்போது தங்கள் உடலிலுள்ள சத்துகளைப் பயிருக்கு விடுகின்றன. முற்றும் சிதையாத ஒரு சிறு பங்கு களிமண்ணோடு ஒட்டி மக்காக நெடுநாள் நிலைக்கிறது. மண்ணின் கருமைக்கும், கோடையில் ஈரம் காக்கும் திறனுக்கும் பெரிதும் காரணமாவது அச்சிறு பங்கே.

ஒரு ஏக்கர் கரும்பில் சுமார் மூன்று முதல் நான்கு டன் சோகை கிடைக்கும். அதில் உள்ள தழைச்சத்து, 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் உள்ளதைவிடக் குறைவுதான். ஒரு மூட்டைக்கும் குறைவான சத்துக்காக இத்தனை பாடுபட வேண்டுமா என்று கேட்பவர்கள் தவறான தராசில் நிறுக்கிறார்கள். அந்தச் சோகையில் ஏறக்குறைய ஒன்றரை டன் கரி இருக்கிறது. அதை எந்தக் கடையிலும் மூட்டையாக வாங்க முடியாது. எரித்தால் கரியும், தழைச்சத்தின் பெரும் பகுதியும், கந்தகச் சத்தில் ஒரு பங்கும் வாயுவாகி மறைகின்றன. சாம்பலில் சாம்பல்சத்து நிற்கிறது என்பது மெய்யே; ஆனால் மக்கிய சோகையிலும் அது மண்ணுக்கே சேருகிறது. மேலும், சாம்பல் காற்றடித்தால் அடுத்தவன் வயலுக்குப் போகிறது.

மூட்டையும் எருவும்

ஏக்கர் ஒன்றின் மேல் நிற்கும் காற்றில் ஏறக்குறைய 31,000 டன் நைட்ரஜன் இருக்கிறது. அவ்வளவு செல்வத்தின் அடியில் நின்றும் பயிர் தழைச்சத்துக் குறைவால் மஞ்சளாகிறது. காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக மிக வலிய பிணைப்பில் இருப்பதே இதற்குக் காரணம். அதைப் பிரிக்கும் ஆற்றல் எந்தச் செடிக்கும் இல்லை. அவரை இனத்துப் பயிர்களின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் அதைப் பிரித்துச் செடிக்குத் தருகின்றன என்பதை ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1886 முதல் 1888 வரையிலான ஆண்டுகளில் ஐயமற நிறுவினார்கள். சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்தவர், ஒரு வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று அறியலாம். அந்நிறம் மனிதனின் இரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளுக்கு உறவான ஒரு பொருளால் வருவது.

அதே காரியத்தை ஆலையில் செய்யும் வழியை 1909ஆம் ஆண்டு ஹேபர் காட்டினார். 1913ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஓப்பாவ் என்னும் ஊரில் அதற்குப் பெரிய ஆலை இயங்கத் தொடங்கியது. முடிச்சில் சாதாரண வெப்பத்தில் நடைபெறுவதை ஆலையில் நடத்த மிகுந்த வெப்பமும், காற்றின் அழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டியிருக்கின்றன. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் உணவு இந்த ஆலை நைட்ரஜனைச் சார்ந்திருக்கிறது. அதை இகழ்வது நன்றியின்மையாகும்.

ஆலை உரம் விஷம் என்றும், எரு மட்டுமே அமிர்தம் என்றும் பேசுவோர் உண்டு. உயிருள்ளவற்றின் பொருள்களை உயிரில்லாதவற்றிலிருந்து ஆக்க இயலாது என்று ஒரு காலத்தில் அறிஞர்களும் நம்பினார்கள். 1828ஆம் ஆண்டு வோலர் சிறுநீரில் உள்ள யூரியாவை ரசாயனச் சாலையிலேயே உண்டாக்கி, அந்நம்பிக்கையை அசைத்தார். மாட்டின் மூத்திரத்தில் உள்ள யூரியாவும் மூட்டையில் உள்ள யூரியாவும் ஒரே பொருள். பயிர் அவற்றை வேறு பிரித்து அறியாது. மறுபுறம், மூட்டை இருக்க எரு எதற்கு என்போரும் உண்டு. யூரியாவின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கரிதான். ஆனால் அது மண்ணில் சிதையும்போது கரியமில வாயுவாகிவிடுகிறது. மண்ணுயிர்களுக்கு உணவாகும் சக்தி அதில் இல்லை. மூட்டை பயிருக்கு உணவளிக்கும். மண்ணுக்கு உணவளிப்பது சேதனப் பொருளே. இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று பகையாக்குவது வீண் வழக்கு.

இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் பண்ணையில் 1843 முதல் நடைபெறும் கோதுமைச் சோதனையில், ஆண்டுதோறும் தொழுவுரம் இட்ட பாத்தியின் மண்ணில், எதுவும் இடாத பாத்தியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சேதனக் கரி சேர்ந்திருக்கிறது. ரசாயன உரம் மட்டும் இட்ட பாத்தியிலும் நெடுங்காலம் நல்ல விளைச்சல் கிடைத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது குளிர் நாடு. வெப்பம் பத்து டிகிரி உயர்ந்தால் மக்குதலின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. வெயில் நாட்டு மண்ணில் கரி விரைவில் கரைந்துபோகிறது; ஆண்டுதோறும் திரும்ப இடாவிட்டால் நிற்காது. கோயம்புத்தூரில் 1909ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நிரந்தர உரச் சோதனைப் பாத்திகளும், தொழுவுரத்தைத் தொடர்ந்து இட்டால் மண்ணின் சேதனக் கரி உயர்கிறது என்றே காட்டுகின்றன.

செய்யத் தக்கவை

குடியானவர்கள் கூறும் இடையூறுகளுக்கு மாற்று உண்டு. கரும்புச் சோகையை ஒன்று விட்ட சால்களில் பரப்பினால் மறுதாம்புப் பயிருக்கு ஈரம் காக்கும், களையும் குறையும். பாசனமும் இடையுழவும் மற்றச் சால்களில் நடைபெறலாம். சோகையைப் பொடியாக்கும் இயந்திரங்களும் இப்போது கிடைக்கின்றன. சோகையில் கரி மிகுதி, தழைச்சத்து மிகக் குறைவு. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தற்காலிகமாகக் கவர்ந்துகொள்வதால் பயிர் சில வாரங்கள் வெளிறக்கூடும். சாணக் கரைசலோடு சிறிதளவு யூரியாவும் தெளித்தால் அக்குறை நீங்கும். நெல் வயலிலோ, தாளைத் தேங்கிய நீரில் அமுக்கி உடனே நடுவது தவறு. காற்றில்லாத சேற்றில் அது மீத்தேன் என்னும் வாயுவை மிகுதியாக எழுப்பும். ஈரம் இருக்கும்போதே உழுது, சில வாரங்கள் காற்றாட மக்கவிட்டுப் பின்னர் நீர் கட்டுவது நலம்.

எனினும், இம்முறைகளைச் சொல்லுவதால் மட்டும் காரியம் முடியாது. மண்ணில் கரி சேர்வதற்கு ஆண்டுகள் ஆகின்றன. குத்தகைதாரருக்கோ அடுத்த ஆண்டு நிலம் தம்மிடம் இருக்குமா என்பதே நிச்சயமில்லை. பிறர் நிலத்தின் பத்தாண்டு வளத்திற்காக அவர் இவ்வாண்டுக் கூலியைச் செலவிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆகவே நிலத்துக்கு உரியவரே முன்வர வேண்டும். சோகையைக் கொளுத்தலாகாது என்பதைக் குத்தகை நிபந்தனையாக எழுதி, அதற்காகும் செலவைக் குத்தகைத் தொகையில் கழித்துக்கொள்ளவும் இசைய வேண்டும். நிபந்தனையை மட்டும் விதித்துச் செலவைக் குத்தகைதாரர் தலையில் ஏற்றுவது தர்மமாகாது. அது நடைமுறையிலும் நிற்காது.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்குண்டு. எந்தப் புல எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்பதை அடங்கலில் எழுதுபவர் அவர்களே. வெட்டு நடைபெறும் காலத்தை முன்னறிந்து, பொடியாக்கும் இயந்திரம் முறைவைத்து வயல்தோறும் செல்ல ஏற்பாடு செய்வது அவர்களுக்கு அரிதன்று. தீ வைத்த பின் விசாரிப்பதைவிட இது எளிது. பக்கத்து வயலின் நிற்கும் கரும்பில் தீ பற்றினால் எழும் வழக்கும் வருத்தமும் அவர்கள் அறியாதவை அல்ல. இவ்விஷயத்தைக் கிராம சபையில் வைத்து, வெட்டுக் காலத்துக்கு முன்பே ஊர் ஒரு முடிவுக்கு வருவது தக்கது.

ஏரியின் கரையையும் வாய்க்காலையும் ஊர்ப் பொதுவாகக் காத்த முறை தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் புதிதன்று. நீரைப் போலவே மண்ணின் கரியும் ஒருவர் காலத்தோடு முடிவதன்று. ஓராண்டு வெயிலில் இலை தேடிய பொருளை மண்ணுக்கு உணவாக்குவதா, ஒரு மாலைத் தீக்குக் கொடுப்பதா என்பதை நிலத்துக்கு உரியவரும் ஊரும் இந்த வெட்டுக்கு முன்னரே தீர்மானித்துக்கொள்வார்களாக.