ஸ்கேன் போட்டால்தான் தெரியும்

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைச்சர் திரு. பிரல்ஹாத் ஜோஷி அவர்களுக்கு,

சித்தூரிலோ திருப்பதியிலோ நாலைந்து வருஷத்துக்குள் வாங்கிய குடும்பக் காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துவிட்டால், உரிமையாளர் எங்கே போனாலும் காதில் விழுவது ஒரே வாக்கியம்தான்: ‘ஸ்கேன் போட்டால்தான் தெரியும்.’ சொல்பவர் பொய் சொல்லவில்லை. கார்புரேட்டர் காலத்துக் கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குக் கேட்டது, பெட்ரோல் வாடையாக மூக்குக்கும் எட்டியது. பானெட்டைத் திறந்து பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி மாட்டினால் பாதி வழக்கு தீர்ந்தது. இன்று பானெட்டைத் திறந்தால் முதலில் தெரிவது ஒரு பிளாஸ்டிக் மூடி. கோளாறு அதன் அடியில் இருந்தாலும், அது என்ன என்ற சேதி வேறிடத்தில் இருக்கிறது. ஏதோ ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியின் நினைவகத்தில், ஓர் எழுத்தும் நாலு எண்களுமாகப் பதிந்து கிடக்கிறது. கார் தன் நோவைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது; பத்து லட்சம் கொடுத்து அதை வாங்கியவர் மட்டும் அந்த எழுத்தைப் படிக்க முடிவதில்லை. பழுது பார்க்கும் உரிமை பற்றி உங்கள் துறை சில ஆண்டுகளாகப் பேசிவருகிறது. அதற்கும் ஒரு படி முன்னால் இருக்க வேண்டிய படிக்கும் உரிமையைப் பற்றியது இந்த மடல்.

மிகச் சாதாரணமான ஒரு கோளாறையே எடுத்துக்கொள்வோம். இரண்டு வாரம் நிறுத்தியே வைத்திருந்த கார். ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் இன்ஜின் தூக்கக் கலக்கத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் பிடிக்கிறது. உடனே ஸ்டியரிங் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு, மேட்டில் பின்னோக்கி உருளாமல் பிடிக்கும் வசதிக்கான விளக்கு என்று வரிசையாக எரிகின்றன. பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஒரே நேரத்தில் போய்விட்டன என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் நடந்தது வேறு. முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் இருக்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 11.8க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். பாதிச் சார்ஜோடு இருக்கும் பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரே இழுப்பில் மின்சாரத்தை உறிஞ்சும்போது வோல்ட் இன்னும் சரிகிறது. ஸ்டியரிங்கின் பெட்டி ‘எனக்கு மின்சாரம் போதவில்லை’ என்று ஒரு குறிப்பு எழுதுகிறது. பிரேக்கின் பெட்டி தன் பங்குக்கு இன்னொன்று எழுதுகிறது. இன்ஜின் பெட்டி பி0562 என்று எழுதலாம். ‘மின்னழுத்தம் குறைவு’ என்பதற்கு உலகம் முழுக்க அதுதான் எண். நோய் ஒன்று, புலம்பல் மூன்று. அந்த மூன்றையும் திரையில் தமிழிலோ தெலுங்கிலோ படிக்க முடிந்தால், உரிமையாளர் முதலில் பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். சில நூறு ரூபாய் மல்டிமீட்டரை வைத்து வோல்ட்டை அளப்பார். படிக்க முடியாதவர் இழுவை வண்டிக்குப் போன் போடுவார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமரான் பேட்டரிகளைச் செய்யும் அமர ராஜா நிறுவனத்தின் ஆலைகள் இருப்பது திருப்பதிக்கு அருகே கரகம்பாடியிலும் சித்தூர்ப் பக்கத்திலும்தான். ஸ்ரீசிட்டியில் 2016இலிருந்து இசுசு வண்டிகள் தயாராகின்றன. சின்னபண்டூரில் அப்போலோ டயர் ஆலை நடக்கிறது. வடமேற்கே பெனுகொண்டாவில் கியா, தமிழக எல்லை தாண்டினால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். பேட்டரியையும் டயரையும் வண்டியையும் செய்யும் கைகள் இந்த வட்டாரத்துக் கைகள். அந்தக் கைகளுக்கு ஒரு விளக்கின் பொருள் சொல்லப்படக் கூடாது என்பது அறிவுக்குப் பொருந்துகிறதா?

கோளாறே இல்லாத கோளாறுகள் இன்னொரு வகை. புதுக் கார் வாங்கியவர்களை அதிகம் அலைய விடுவது இவைதான் என்பது என் கணிப்பு. சிக்னலில் தானாக இன்ஜினை அணைத்துப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் வசதி ஒரு நாள் வேலை செய்யாது. பேட்டரியில் சார்ஜ் குறைந்திருக்கலாம், இன்ஜின் சூடேறாமல் இருக்கலாம், சித்திரை வெயிலில் ஏசி முழு மூச்சில் ஓடிக்கொண்டிருக்கலாம், ஓட்டுநர் பெல்ட் போடாமல் இருக்கலாம். காருக்குக் காரணம் தெரியும்; சில கார்கள் திரையில் சொல்லவும் செய்கின்றன, பல கார்கள் ஒரு சின்ன அம்புக்குறியோடு நிறுத்திக்கொள்கின்றன. மார்கழிக் காலையில் டயர் விளக்கு எரிவதும் இப்படித்தான்: வெப்பநிலை பத்து டிகிரி இறங்கினால் டயரின் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ இறங்கும். காற்றடித்த பிறகும் விளக்கு அணையவில்லை என்றால், சில வண்டிகளில் ‘புது அழுத்தத்தை ஏற்றுக்கொள்’ என்று திரையில் ஒருமுறை சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத் தெரியாதவர் பஞ்சர் கடைக்கும் ஷோரூமுக்குமாக நடப்பார். பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த டீசல் கார்களின் புகைக்கரி வடிகட்டி விளக்கு இவற்றிலும் கொஞ்சம் ஆபத்தானது. திருப்பதியில் கபில தீர்த்தத்துக்கும் திருச்சானூருக்கும் இடையே தினமும் சின்னச் சின்ன ஓட்டமாக ஓடும் டீசல் கார், வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துத் தள்ளும் அளவுக்குச் சூடேறுவதே இல்லை. விளக்கு முதலில் எரியும்போதே சந்திரகிரி வழியாகச் சித்தூர் நெடுஞ்சாலையில் ஓர் இருபது நிமிஷம் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் தானே சுத்தமாகிவிடும். கவனிக்காமல் விட்டால் ஒர்க்‌ஷாப்பில் வைத்துத்தான் எரிக்க வேண்டிவரும்; முற்றினால் வடிகட்டியையே மாற்றச் செலவழிக்க வேண்டும். ‘நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் ஓட்டு’ என்ற ஒரு வரியைத் திரையில் எழுதுவதற்கு என்ன செலவாகிவிடும்?

எழுதும் வசதி ஏற்கெனவே காருக்குள் இருக்கிறது. அதை வைக்கச் சொன்னதே அரசுதான். புகைக் கட்டுப்பாட்டுக்காகக் கார் தன்னைத்தானே கண்காணிக்க வேண்டும் என்ற விதி நமக்குப் புதிதல்ல. 2020 ஏப்ரல் 1இல் வந்த பிஎஸ்-6, 2023 ஏப்ரல் 1இல் வந்த அதன் இரண்டாம் கட்டம் என்று அந்தக் கண்காணிப்பு இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில் 16 ஊசித் துளைகளோடு இருக்கும் செருகுவாய் அதற்கானதுதான். அதில் செருகி, கைபேசியில் குறியீட்டைப் பார்க்க உதவும் சின்னக் கருவிகள் மலிவாகவே கிடைக்கின்றன. பயம் வேறிடத்தில் இருக்கிறது. ‘அதைச் செருகினால் வாரண்டி போய்விடும், வெளியே கைவைக்க விட்டால் வாரண்டி போய்விடும்’ என்ற பேச்சு. இந்தப் பேச்சுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது. ஷம்ஷேர் கட்டாரியா வழக்கில் 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் தனியார் மெக்கானிக்குகளுக்கு எட்டாமல் அடைத்துவைத்தது தவறு என்றது. வெளியே பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றது. அறிவுசார் சொத்து என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில், தன் முன் வந்த மூன்று நிறுவனங்களுக்கு அபராதக் கணக்கைச் சுருக்கியதே தவிர, அவை செய்தது சரி என்று சொல்லவில்லை. இவ்வளவும் நடந்த பிறகு சித்தூரில் ஒரு கார் உரிமையாளர் ஒரு செருகுவாயைத் தொடப் பயப்படுகிறார் என்றால், தீர்ப்பு தில்லியிலேயே தங்கிவிட்டது என்றுதான் பொருள்.

உங்கள் துறை 2022 ஜூலையில் நிதி கரே என்ற அதிகாரியின் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, பழுது பார்க்கும் உரிமைக்கான இணையதளம் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவி, கைபேசி, வீட்டுச் சாதனம், வாகனம் என்று நான்கு துறைகளைக் குறித்தது நல்ல தொடக்கம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பின்னால் சட்டம் இல்லை. கைபேசிகளுக்கு எவ்வளவு எளிதில் பழுது நீக்கலாம் என்ற மதிப்பெண் வேண்டும் என்பது வரை யோசனை நகர்ந்திருக்கிறது. கைபேசியைப் போலப் பல மடங்கு விலையுள்ள, ஐந்து உயிர்கள் ஏறி உட்காரும் காருக்கு அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் இதே விஷயம் 2012இல் மக்கள் வாக்குக்குப் போய்ச் சட்டமானது. 2020இல் கார் கம்பியில்லாமல் அனுப்பும் தகவலையும் சேர்த்து மீண்டும் கேட்டபோது நான்கில் மூன்று பங்கு வாக்காளர்கள் ‘வேண்டும்’ என்றார்கள்.

மறுப்புகள் வரும். முதலாவது, பாதுகாப்பு. அது லேசான மறுப்பல்ல, குறிப்பாகத் திருப்பதியில். திருமலையிலிருந்து இறங்கும் கார் 40 நிமிஷத்துக்கு முன்னால் அலிபிரி வந்து சேர்ந்தால் தண்டனை என்று நேரக் கணக்கு வைத்திருக்கும் ஊர் இது. கீழ் கியரில் இன்ஜினின் பிடிப்பில் இறங்காமல் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் என்ன ஆகும் என்பதைக் கொண்டைஊசி வளைவுகள் அறியும். அந்தப் பாதையில் ஓடப்போகும் காரின் பிரேக்கிலோ ஏர்பேகிலோ அரைகுறைக் கை படக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நான் கேட்பது படிப்பதை மட்டும், மாற்றுவதை அல்ல. ஏபிஎஸ் விளக்கு எரியும்போது அது சக்கர உணரியா, வோல்ட் குறைவா என்று தெரிந்தவர்தான் மலை ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும். தெரியாதவர் ‘விளக்குதானே, எரிந்துவிட்டுப் போகட்டும்’ என்று ஏறிவிடுவார். அடிக்கடி பொய்யாகக் கத்தும் விளக்கை மனிதர்கள் மதிப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு, குறியீட்டை வைத்துத் தப்பான பாகத்தை மாற்றிவிடுவார்கள் என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. பி0171 என்றால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் சேரவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுபவர்கள் உண்டு, காரணமோ விரிசல் விட்ட ஒரு ரப்பர் குழாயாக இருக்கும். குறியீடு எந்தத் தெரு என்று சொல்லும், வீட்டு எண்ணைச் சொல்லாது. அதற்காக மறைத்துவைப்பதா? ரத்தப் பரிசோதனை அறிக்கையை நோயாளி கையில்தான் கொடுக்கிறார்கள். சர்க்கரை 220 என்று படித்தவர் தனக்குத்தானே அறுவை சிகிச்சை செய்துகொள்வதில்லை. மருத்துவரிடம் போகிறார், ஆனால் எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போகிறார், இன்னொரு மருத்துவரிடமும் காட்டுகிறார். செர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டில் எழுதிய பாகத்துக்கும் காரில் பதிந்திருந்த குறியீட்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்கும் தெம்பு குறியீடுகளை எழுதிக் கொடுக்கும் ஒரு தாளிலிருந்துதான் வருகிறது. மனம் ஒப்பவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம்கூட இல்லை. போய் என்ன சான்றைக் காட்டுவது? பழுது பார்த்த கையோடு குறியீட்டை அழித்துவிட்டால், அங்கே கோளாறு இருந்ததற்கே தடயம் இருக்காது.

செருகுவாயைத் திறந்துவிட்டால் களவாணிகள் நுழைவார்கள் என்ற வாதத்துக்கு எளிய பதில் உண்டு. காரின் சொந்தத் திரையிலேயே காட்டிவிட்டால் யாரும் எதையும் செருக வேண்டியதில்லை. பாட்டுக்கும் வரைபடத்துக்கும் பத்து அங்குலத் திரை வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு பக்கம் எழுத்து பாரமாகிவிடாது.

ஆகவே, இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு புதுக் காரும் தன்னுள் பதிந்த குறியீடுகளை, தேதியோடும் ஓடிய கிலோமீட்டரோடும், உரிமையாளர் கேட்டபோது திரையில் காட்ட வேண்டும் என்று விதி கொண்டுவாருங்கள். போக்குவரத்துத் துறையோடு பேசித்தான் ஆக வேண்டும் என்றால் பேசுங்கள். செர்வீஸ் முடிந்து கார் கைக்கு வரும்போது, முன்பு என்னென்ன பதிந்திருந்தது, எதை அழித்தார்கள் என்ற தாள் பில்லோடு சேர்ந்து வரட்டும். குறியீட்டைப் படித்ததாலோ வெளியே பழுது பார்த்ததாலோ மட்டும் வாரண்டி போகாது என்ற வரியை வாரண்டிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், கண்ணாடி போடாமல் படிக்கும் அளவில் அச்சிடச் சொல்லுங்கள். அந்தப் புத்தகமும் கையேடும் வாங்குபவரின் மொழியில் இருக்கட்டும். டேஷ்போர்டுக் கீழ்ப் பெட்டிக்குள் பாலிதீன் உறை பிரிக்காமல் கிடக்கும் நானூறு பக்க ஆங்கிலக் கையேட்டைச் சோம்பலால் யாரும் படிக்காமல் விடுவதாக நான் நினைக்கவில்லை.

இந்த மடலைத் தமிழில் எழுதியிருக்கிறேன். யாராவது மொழிபெயர்த்துச் சொன்னால்தான் உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தெரியும். அதுவரை மேசைமேல் ஏதோ ஒரு விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். தார்வாடிலிருந்து வந்தவர் நீங்கள். பதிலைக் கன்னடத்திலேயே எழுதலாம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் பேசும் மாவட்டம் இது. படித்துச் சொல்ல இங்கே ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
சித்தூரிலிருந்து ஒரு நுகர்வோர்