தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தமா?

திரிங்காப் பக்கம் காலைக் குளிரில் முதலில் அடுப்பில் ஏறுவது தே தண்ணீர்தான். தோட்டத்துக்கும் காய்கறிக் கொல்லைக்கும் கிளம்பும் அக்காமார் சிலர் காலை மாத்திரையையும் அதே தே ஓவோடு விழுங்கிவிடுவார்கள். பச்சைத் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும்போது வேறென்ன செய்வது?

அது இரும்புச்சத்து மாத்திரையாக இருந்தால்தான் சிக்கல். தேயிலையில் உள்ள டேனின் போன்ற பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு, அதை உடம்பில் சரியாகச் சேரவிடாது. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் சோர்வு தீராது. மருந்தும் சரி, லேபிளும் சரி. ஒரே ஒரு கேள்விதான் விட்டுப்போனது: "இதை எதோட விழுங்குறீங்க, அக்கா?"

மருந்தியல் மாணவர்களுக்கு டேனின் பற்றித் தெரியும், பரீட்சையிலும் எழுதுவார்கள். ஆனால் கவுண்டரில் அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் விரிவுரையில் வராது. செய்து பார்த்தால்தான் வரும்.

இது புதிய யோசனை அல்ல. 1963-இல் அமெரிக்காவில் ஹாவர்ட் பரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோயாளியாக நடிக்க ஒருவருக்குப் பயிற்சி தந்து மாணவர்கள் முன் உட்காரவைத்தார். 1969-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம், நோயாளியின் பிரச்சினையிலிருந்தே பாடத்தைத் தொடங்கும் முறையில் மருத்துவம் கற்பிக்க ஆரம்பித்தது. நம் நாட்டில் 1972-இல் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிப்பு தொடங்கியது. இன்று மருந்தாளரின் வேலை மாத்திரையை எண்ணிக் கொடுப்பதோடு முடிவதில்லை. சர்க்கரை, ஆஸ்துமா நோயாளிகளோடு உட்கார்ந்து பேசி வழிகாட்டும் தனிக் கிளினிக்குகளே அரசாங்க மருத்துவமனைகளில் உள்ளன.

அதற்கு வகுப்பில் எப்படித் தயாராவது? மூன்று மாணவர்கள் போதும். ஒருவர் மருந்தாளர். இன்னொருவர் கையில் ஒரு சீட்டு: "வயது 68. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு. மலாய் லேபிளைப் படிக்கத் தெரியாது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது." மூன்றாமவர் ஓரமாக நின்று, என்ன கேட்கப்பட்டது, என்ன விட்டுப்போனது என்று குறித்துக்கொள்வார். பிறகு இடம் மாறுவார்கள். பாட்டியாக உட்கார்ந்து பார்த்த மாணவருக்குத்தான், "ஒரு நாளைக்கு இரண்டு வேளை" என்ற நாலு வார்த்தை எவ்வளவு குழப்பும் என்பது உறைக்கும். காலையும் மதியமுமா? காலையும் இரவுமா?

வானொலியில் நேயர் தலையாட்டுவது எங்களுக்குத் தெரியாது. அதனால் முக்கியமான எண்ணை இரண்டு முறை சொல்வோம். போனில் வருபவரைத் திருப்பிச் சொல்லவும் வைப்போம். மருந்துக் கவுண்டரிலும் இதே முறை உண்டு. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க பாட்டி" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் மருந்தைச் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று 2003-இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது.

திரிங்காப்பிலிருந்து மருத்துவமனைக்குப் போக, பிரிஞ்சாங் தாண்டி தானா ராத்தாவுக்கு வரவேண்டும். விடுமுறை நெரிசலில் அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று கேமரன் மலைக்காரர்களுக்குத் தெரியும். ஒரு சந்தேகம் கேட்க மறுபடி வருவது லேசல்ல. கவுண்டரில் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களை வீணாக்கக் கூடாது.

நம் பங்கும் இருக்கிறது. அடுத்த முறை அம்மா அப்பாவைக் கூட்டிப்போகும்போது, வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள், நாட்டு மருந்து உட்பட. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு பெயரிலும் தனியார் கிளினிக்கில் வேறு பெயரிலும் ஒரே மருந்து இரண்டு முறை வந்திருக்கலாம். இரும்பு மாத்திரைக்கும் தேவுக்கும் இடையில் ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். பயிற்சியில் இருக்கும் இளம் மருந்தாளர் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்டால், "நேரமாச்சு தம்பி" என்று நழுவாமல் பதில் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு அன்றைய வகுப்பு நீங்கள்தான்.