எழுத்துக்குக் கூலி

சென்ற மாதம் இரண்டாம் ஞாயிறன்று மாலை, காட்பாடியில் அலுவல் முடித்துக் குடிபாலா வந்து சேர்ந்தபோது, அடுத்த தெருப் பெண்ணொருத்தி தன் தாயாருடன் என் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தாள். பட்டப்படிப்பு முடித்து ஓராண்டு ஆகிறது. கையில் கைப்பேசி; கண்ணில் அழுத சிவப்பு. “அண்ணா, வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. போலீஸ் வீட்டுக்கு வருமா?” என்பதே அவள் கேட்ட முதற் கேள்வி. தாயாரோ, “தம்பி, இவள் அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது” என்று நடுங்கினார்.

நடந்தது இதுதான். வீட்டிலிருந்தபடியே எழுதிப் பொருள் ஈட்டலாம் என்று இணையத்தில் ஒரு விளம்பரம் கண்டிருக்கிறாள். பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய். மங்கலான படங்களாக 500 பக்கங்கள் வரும். பத்தே நாளில் அவற்றைத் தட்டச்சிட்டு அனுப்பினால் 20,000 ரூபாய் கிடைக்கும் என்றனர். தாயார் சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். பெண் பத்து இரவுகள் கண் விழித்தாள். பதினோராம் நாள், “நூற்றுக்கு 98 பங்கு பிழையின்றி இல்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர், 6,000 ரூபாய் கட்டாவிடில் வழக்கு” என்று மறுமொழி வந்தது. அடுத்த நாள் தராசுப் படமும் முத்திரையும் பொறித்த ‘நோட்டீஸ்’ வாட்ஸப்பில் வந்தது.

அன்பர்களே, இந்த ஏமாற்று புதியதன்று. நாடெங்கும் இதே முறையில் நடக்கிறது. அந்த 500 பக்கங்கள் யாருக்கும் வேண்டாதவை. எழுத்தை அவர்கள் படிப்பதே இல்லை. முதலில் வாங்கும் கட்டணமும், பிறகு அச்சுறுத்திப் பறிக்கும் தொகையுமே அவர்களுடைய வருமானம். வக்கீல் நோட்டீஸ் என்பது நீதிமன்றத்தின் கட்டளை அன்று. தட்டச்சுப் பிழைக்காகக் காவலர் வந்து ஒருவரைப் பிடித்துச் செல்வது நடவாத காரியம். இதை நான் சொன்னபோது தாயார் நம்பவில்லை. சங்கத்து வழக்கறிஞர் நண்பரைத் தொலைபேசியில் பேச வைத்த பிறகே இருவரும் ஒரு வாய் காப்பி குடித்தனர். அன்றிரவே 1930 என்ற எண்ணை அழைத்து முறையிட்டோம். இணையக் குற்றங்களுக்கென அரசு வைத்துள்ள எண் அது. பணம் போன உடனே அழைத்தால், அதை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. நாங்கள் அழைத்ததோ பல நாள் கழித்து. பணம் திரும்பவில்லை. அச்சுறுத்தல் மட்டும் நின்றது.

ஆயின், இணையத்தில் எழுத்து வேலையே பொய்யா என்று அப்பெண் கேட்டாள். பொய்யன்று. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து ரயில்வே எழுத்தராய்க் காலந்தள்ளும் நான், விசாரித்து அறிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

வேலை கேட்பவனிடம் வேலைக்காகப் பணம் வாங்குபவன் முதலாளி அல்லன். இதற்கு ஒரு சிறு விலக்கு உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நேயர்கள் குழம்புவர். அப்வொர்க் போன்ற பெரிய வேலைச் சந்தைகளில் விண்ணப்பம் செய்யச் சில வில்லைகள் வேண்டும். தீர்ந்தால் சிறு தொகைக்கு வாங்க வேண்டும். ஃபைவர் என்னும் தளம், ஈட்டும் தொகையில் நூற்றுக்கு 20 பிடித்துக்கொள்கிறது. இவை நமக்குக் கசந்தாலும் மோசடி அல்ல. ஏனெனில் ஃபைவரில் வேலை கொடுப்பவர் முன்னதாகவே தொகையைக் கட்டிவிடுகிறார். அப்வொர்க்கிலும், மொத்தத் தொகை பேசிக் கொள்ளும் வேலைக்கு, அது இடைநிற்கும் தளத்தின் கையில் முதலில் போய்ச் சேருகிறது. வேலை ஏற்கப்பட்டதும் நமக்கு வருகிறது. சரக்கு அனுப்புமுன் கூலியை நிலையத்தில் கட்டுவதைப் போன்றது இது. பணம் யாரிடமிருந்து எந்தப் பக்கம் முதலில் நகருகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

நமக்கு எந்த வேலை பொருந்தும் என்பது அடுத்த கேள்வி. ஆங்கிலத்தில் கட்டுரை எழுதித் தரும் சந்தையில் உலகமே போட்டிக்கு நிற்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், அவ்வகைக் கட்டுரைகளை எந்திரமே எழுதித் தள்ளுகிறது. ஆனால் சித்தூர் எல்லையில் வாழும் நம் வீடுகளில் ஒரு செல்வம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. 1911க்கு முன் இவ்வூர்கள் வடஆர்க்காட்டோடு இருந்தன. 1960 ஏப்ரலில் எல்லை திருத்தியபோது திருத்தணி அப்பக்கம் போயிற்று, சித்தூர் இப்பக்கமே நின்றது. அதனால் நாம் இழந்ததைப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். பெற்றது ஒன்றுண்டு: வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. இவ்விரண்டுக்கும் இடையே ஆங்கிலத்தின் துணையின்றி நேரே மொழிபெயர்க்க வல்லவர் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார். திரைப்படங்களுக்கு அடிவரி எழுதவும், விளம்பரங்களைப் பெயர்க்கவும், எந்திரம் பெயர்த்ததைத் திருத்தவும் ஆள் தேடுகிறார்கள்.

திருத்துவது எளிதென்று எண்ண வேண்டாம். 2009ஆம் ஆண்டளவில் கூகுள் நிறுவனம், ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழ், தெலுங்கு, இந்தி முதலிய மொழிகளுக்குக் கொண்டுவர, கூலிக்கு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தியது. மொழிபெயர்க்க அவர்களுக்கு ஒரு கருவியையும் கொடுத்தது. கட்டுரைகள் நீளமாக வந்து குவிந்தன. அதுவரை ஒரு காசும் பெறாமல் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிவந்த அன்பர்கள் அவற்றைப் படித்துப் பார்த்து மனம் நொந்தனர். எழுத்துப் பிழை, பொருள் விளங்கா வாக்கியம், தமிழருக்கு வேண்டாத தலைப்பு எனக் குறைகள் பல. 2010இல் போலந்து நாட்டில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் இத்திட்டத்தைப் பற்றித் தமிழர் தரப்பில் ஓர் ஆய்வுரையே வாசிக்கப்பட்டது. கூலியின்றி எழுதியவன் எழுத்து நன்றாயிருக்க, கூலிக்கு எழுதியவன் எழுத்து ஏன் கெட்டது? சொல்லை எண்ணிக் கூலி கொடுத்தால் கை சொல்லைத்தான் எண்ணும் என்பது என் ஊகம்.

ஆகையால் கூலியைக் கணக்கிடும்போது நாளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சொல்லுக்கு 50 காசு என்று வைத்துக்கொள்வோம். 1,000 சொல்லுக்கு 500 ரூபாய். கேட்க இனிப்பாக இருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்து, மறுமுறை படித்து, திருத்தி அனுப்ப இரண்டு நாள் ஆனால் நாளொன்றுக்கு 250 ரூபாய்தான். தையற்காரருக்கு அதைவிட மிஞ்சும்.

சொந்தக் கதை, கட்டுரை எழுதுவோர்க்கு வேறு வழி உண்டு. அமேசானின் கிண்டில் தளம் 2016 டிசம்பர் முதல் தமிழ் நூல்களை ஏற்கிறது. வெளியிடக் கட்டணம் இல்லை. விற்ற விலையில் நூற்றுக்கு 35 அல்லது 70 பங்கு நமக்கு. இந்திய விற்பனையில் 70 வேண்டுமானால், 90 நாள் வேறெங்கும் அந்த மின்னூலை வெளியிடமாட்டேன் என்று ஒப்ப வேண்டும். ஒரு மாத விற்பனைக்குரிய பணம், அம்மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாளுக்குப் பிறகே வரும். முதல் ஆண்டில் அரிசி வாங்க இதை நம்பாதீர்கள்.

உரிமையைப் பற்றியும் ஒரு சொல். பாரதியார் பாடல்களின் உரிமை பல கை மாறி, 1949இல் சென்னை அரசு தலையிட்டுப் பொதுவுடைமையாக்க வேண்டியிருந்ததை நாம் அறிவோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுத்து மூலமாகக் கையொப்பமிட்டே மாற்றித் தர முடியும். காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கே அது செல்லும். இணையத்தில் ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்துமுன், ‘என்றென்றைக்கும்’ என்ற சொல் எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

என்னைப் போன்ற ரயில்வே ஊழியர்க்கு ஓர் எச்சரிக்கை. 1966ஆம் ஆண்டு நடத்தை விதிகள் தனித்தொழிலைத் தடுக்கின்றன. எப்போதேனும் செய்யும் இலக்கியப் பணிக்கு, அலுவல் கெடாத வரை, இடம் தருகின்றன. நாள்தோறும் கூலிக்கு மொழிபெயர்ப்பது ‘எப்போதேனும்’ ஆகாது. இப்பகுதிக்கு நம் சங்கம் தரும் சன்மானம் மாதம் ஒரு குவளை காப்பி என்பதால் எனக்குத் தொல்லை இல்லை.

அப்பெண்ணின் செய்திக்கு வருகிறேன். ஒரு மொழிபெயர்ப்பு நிலையம், கட்டணம் கேளாமல், இரண்டு பக்கத் தெலுங்கைத் தமிழாக்கி மாதிரிக்கு அனுப்பச் சொன்னது. மாதிரி என்ற பெயரில் இருபது பக்கம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். இரண்டு பக்கம் நியாயம். அவள் எழுதிக் கொணர்ந்தாள். பொருள் பிசகவில்லை, தெலுங்குப் பழமொழி ஒன்றுக்கு அவள் வைத்த தமிழ் எனக்கே தோன்றாதது. ஆனால் வரிக்கு வரி லகர ளகரம் இடம் மாறிக் கிடந்தது. பள்ளியில் தெலுங்கு வழியில் படித்தவள். தமிழை நாட்காட்டியிலும் சுவரொட்டியிலும் தானே படித்தவள். நாக்கில் இருக்கும் மொழி கைக்கு வரவில்லை. “இதற்கு அவர்கள் பணம் தர மாட்டார்களா, அண்ணா?” என்றாள். தரமாட்டார்கள் என்றே சொன்னேன். முகம் வாடினாள்; ஆனால் தாளைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது வாரம் மூன்று மாலை வருகிறாள். 1999இல் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ் 99’ விசைப்பலகையில் விரல் பழகுகிறாள். உயிரெழுத்து இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம். நாளொன்றுக்கு ஒரு பக்கம் எழுத்துப் பிழையின்றி எழுத வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. நேற்றைய பக்கத்தில் ஏழு பிழை. முதல் நாள் முப்பத்தொன்று. மாதிரியை அடுத்த மாதம் மீண்டும் அனுப்ப அந்நிலையத்தார் இசைந்திருக்கிறார்கள். தாயாரும் உடன் வந்து உட்காருகிறார். சென்ற வெள்ளியன்று, “தம்பி, எனக்கும் அந்த ளகரத்தைக் கொஞ்சம் காட்டுங்கள்” என்று ஒரு பழைய சிலேட்டை நீட்டினார்.