தோட்டக் குழாய்க்கும் வேண்டும் ஆண்டுச் சோதனை

ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் மண்ணில் நாம் வாழ்கிறோம். சென்னைக்குக் கிடைப்பதைப் போல் இது இரண்டு மடங்குக்கும் மேல். மே மாதப் பிற்பகுதியில் தொடங்கும் மழை டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்கிறது. அப்படியிருந்தும், பொங்கல் கழிந்து சில வாரங்கள் ஆனதும், நம் கிளையில் வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர்கள் வட்டி விகிதத்தைப் பற்றிப் பேசுவதில்லை. "உங்கள் பக்கம் என்றைக்குத் தண்ணீர் விட்டார்கள்?" என்றுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

காரணம் அனைவரும் அறிந்ததே. இத்தீவுகளில் பெருநதி இல்லை. சரிவான நிலத்தில் விழும் மழைநீரில் பெரும்பகுதி விரைவிலேயே கடலைச் சேர்ந்துவிடுகிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயருக்குத் தனிக்காரி அணையே முதன்மையான நீராதாரம். அணையின் நீர்மட்டம் இறங்க இறங்க, குழாயில் நீர் வரும் நாள்களுக்கு இடையிலான இடைவெளியும் நீள்கிறது. இது இன்று நேற்று வந்த துன்பமும் அன்று. 1858 மார்ச் மாதம் ஆங்கிலேயர் இங்கே கைதிகளைக் கொண்டுவந்து இறக்கியபோது, குடியேற்றப் பணியை முதலில் சாத்தம் தீவில்தான் தொடங்கினர். அங்கே போதிய நீர் இல்லாததால் ராஸ் தீவுக்கு இடம் மாறினர்.

இத்தகைய ஊரில் வீட்டுத் தோட்டத்துக்குத் தெளிப்பானும் சொட்டுநீர்க் குழாயும் பொருத்துவது ஆடம்பரம் அல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். அவ்வாறு நாம் கருதவில்லை. ரப்பர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நீர் ஊற்றுவதைவிட, அளவாக நீர் விடும் அமைப்பு செடிக்கும் நல்லது, தொட்டிக்கும் நல்லது. வீட்டின் முன் புல்தரை வளர்ப்போர், பின்புறம் பாக்கும் தென்னையும் வெற்றிலைக் கொடியும் வைத்திருப்போர், ஸ்வராஜ் தீவிலும் ஷஹீத் தீவிலும் விருந்தினர் இல்லம் நடத்துவோர் எனப் பலர் கிணற்று நீரையோ சேமித்த மழைநீரையோ கொண்டு இத்தகைய அமைப்புகளை நிறுவியிருக்கிறார்கள். நம் குறை வேறு. பொருத்திய நாளோடு அதை மறந்துவிடுகிறோம். இருசக்கர வாகனத்தை ஆண்டுக்கு இரண்டு முறை பட்டறைக்குக் கொண்டுசெல்லும் நாம், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நீர் கொண்டுசெல்லும் குழாய்களைத் தொழில் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறைகூடக் காட்டுவதில்லை.

அப்படி மறந்தவர்களில் நாமும் ஒருவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரி மாதம், நம் வீட்டு மாடியிலுள்ள 1,000 லிட்டர் தொட்டி இரவில் நிறைந்திருந்து காலையில் கால் பங்கு குறைந்து காணப்பட்டது. தொட்டியில் விரிசல் இருக்குமோ என ஐயுற்றோம், இல்லை. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று ஒருவர் சொல்ல, அதை மாற்றினோம். சமையலறைக் குழாயையும் மாற்றினோம். வேலைக்கு வந்தவர் இரண்டு முறையும் கூலி வாங்கிக்கொண்டு சென்றார். தொட்டி மட்டும் முன்போலவே குறைந்தது. இதற்கிடையில் இரண்டு லாரித் தண்ணீர் வாங்கியிருந்தோம். வீட்டில் துணி துவைக்கும் நாள் எது என்பதே ஒரு வழக்காக மாறியிருந்தது.

இறுதியில், கப்பல் பட்டறையில் குழாய்ப் பொருத்துநராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை நண்பர் அழைத்துவந்தார். அவர் எந்தக் குழாயையும் கழற்றவில்லை. முதலில் வீட்டுக்குள் செல்லும் வால்வை அடைத்துவிட்டு, தொட்டியின் நீர்மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஆகவே குறை வீட்டுக்குள் இல்லை. பிறகு தோட்டக் கிளையை அடைத்துவிட்டு மறுபடியும் காத்திருந்தார், மட்டம் அசையவில்லை. "இந்தத் தோட்ட லைனை இதுவரை யாரும் மூடிப் பார்த்ததே இல்லையா, சார்?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

தெளிப்பானை இயக்கும் தானியங்கி வால்வில் மணல் சிக்கி, அது முழுவதும் மூடாமல் இருந்தது. மூடாத அந்த வால்வைத் தாண்டி, தென்னை மரத்தின் அருகே, மண்ணுக்கடியில் ஓர் இணைப்பு விலகியிருந்தது. மேலே மண் ஈரமாகத் தெரியவில்லையே என்று கேட்டோம். தென்னையின் வேர்களும் சரிவும் இருக்கும்போது மேலே எப்படித் தெரியும் என்றார் அவர். அந்தக் காலைப் பொழுதுக்கு அவர் பெற்றுக்கொண்ட தொகை, நாம் வாங்கிய ஒரு லாரித் தண்ணீரின் விலையைவிடக் குறைவு.

வங்கிப் பணியாளர் என்பதால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நொடிக்கு ஒரு துளி வீதம் சொட்டும் குழாயில், துளி ஒன்று கால் மில்லிலிட்டர் என்று கொண்டால், நாளொன்றுக்கு 21 லிட்டருக்கு மேல் வீணாகிறது. இது கண்ணுக்குத் தெரியும் கசிவு. மாடித் தொட்டிக்கு 5 மீட்டர் கீழே ஓடும் குழாயில் 1 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை விழுந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 லிட்டர் வெளியேறும். நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் தேவை என்பது நம் நாட்டில் நீர் வழங்கல் திட்டங்களுக்குக் கொள்ளப்படும் அளவு. அதன்படி, குண்டூசித் தலையளவே உள்ள ஒரு துளை மூன்று பேரின் நீரைக் குடித்துவிடுகிறது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அந்நாட்டு வீடுகளில் தோட்டத்துக்குச் செலவாகும் நீரில் பாதி வரை காற்றாலும், ஆவியாதலாலும், முறையற்ற பாசனத்தாலும் வீணாகலாம் என்று சொல்கிறது. அங்கே அது பணத்தின் இழப்பு. இங்கே அது மறுநாள் சமையலுக்கு நீர் இல்லை என்பதாகும்.

பயிற்சி பெற்ற ஒருவர் வேறென்ன பார்ப்பார்? தெளிப்பானின் முனை அடைபட்டிருக்கிறதா, சாய்ந்து செடியை விட்டுச் சுவரை நனைக்கிறதா என்று பார்ப்பார். வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவார். அழுத்தமானியைப் பொருத்தி, தொடக்கத்திலும் கடைசி முனையிலும் அழுத்தம் எவ்வளவு வேறுபடுகிறது என்று அளப்பார். வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் குழாய் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டதா, உப்புக் காற்று பட்ட இரும்பு இணைப்புகள் அரித்துவிட்டனவா, எலி கடித்த இடம் உண்டா என்று தடவிப் பார்ப்பார். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானில் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்ததை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முன் குழாய் பதித்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. அத்தகைய பழைய வீட்டை விலைக்கு வாங்குவோர் சுவரையும் கூரையையும் பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்றைப் பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை. தோட்டத்து ரப்பர் குழாயின் முனை, உரம் கரைத்த வாளியிலோ சேற்றுக் குட்டையிலோ மூழ்கிக் கிடப்பது நம் வீடுகளில் அன்றாடக் காட்சி. நகராட்சிக் குழாயில் நீர் நிற்கும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. அப்போது அந்த வாளி நீரை, குடிநீர் வரும் குழாய் பின்னோக்கி உறிஞ்சக்கூடும். இடைவெளி விட்டு நீர் வரும் ஊர்களில் இந்த ஆபத்து மிகுதி. கிணற்று மோட்டாரின் குழாயையும் நகராட்சிக் குழாயையும் ஒரே வால்வில் இணைத்துவிடும் வழக்கமும் அதே போன்றதே. 1933இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, விடுதிகளின் குழாய் அமைப்பில் இருந்த இத்தகைய பிழைகளால் கழிவு நீர் குடிநீரில் கலந்தது. அமீபா வயிற்றுக்கடுப்பு பரவி 98 பேர் இறந்தனர். இதைத் தடுப்பது நீரை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் சிறு வால்வு, கடையில் என்.ஆர்.வி. என்று கேட்டால் தருவார்கள். ஆனால், அதை எந்த இடத்தில் பொருத்த வேண்டும், பொருத்தியது இன்னும் வேலை செய்கிறதா என்பதைத் தொழில் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். வீட்டில் குழந்தைகளும் முதியோரும் இருப்போர் இந்த ஒன்றுக்காகவாவது சோதனை செய்துகொள்ள வேண்டும்.

மறுப்புகளும் உண்டு. அவற்றில் ஒன்றை நாம் முழுமையாக ஏற்கிறோம். "சோதிக்க வருகிறவர் இருப்பதையெல்லாம் கழற்றிப் புதிதாக மாற்றச் சொல்வார்" என்பது வாடிக்கையாளர்களின் அச்சம். அது வீண் அச்சமன்று. நாமும் தேவையின்றி இரண்டு குழாய்களை மாற்றியவர்களே. ஆகவே, சோதனைக்குத் தனிக் கூலி, பழுது பார்க்கத் தனிக் கூலி என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். கண்ட குறைகளையும் அளந்த அழுத்தத்தையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். முடிந்தால் சோதிப்பவரும் பழுது பார்ப்பவரும் வேறு வேறு ஆள்களாக இருக்கட்டும். வங்கியில் கணக்கு எழுதுபவரே தணிக்கையும் செய்வதில்லை அல்லவா? இலவசமாகச் சோதித்துத் தருகிறோம் என்போரைவிட, சோதிப்பதற்குக் கூலி கேட்பவரை நாம் நம்புகிறோம்.

தொழில் தெரிந்தவர் கிடைப்பதில்லை என்பது அடுத்த மறுப்பு. இதில் பாதி உண்மை. தொழிற்பயிற்சி நிலையங்களில் பிளம்பர் பயிற்சி முடித்த இளைஞர்கள் வேலை தேடிச் சென்னைக்குக் கப்பலேறுவதையும் காண்கிறோம். ஆண்டுக்கொரு முறை சோதிக்கும் வழக்கம் நூறு வீடுகளில் உண்டாகுமானால், ஓர் இளைஞர் கருவிப்பெட்டியும் அழுத்தமானியும் வாங்கி இங்கேயே தொழில் நடத்தலாம். அதற்கான முதலீடு சிறிது. முத்ரா கடனுக்கு விண்ணப்பிக்கத்தக்க தொழில் அது.

நம் துறையின் குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டுக்கடன் கேட்டு வருவோரிடம் நில ஆவணம், கட்டட அனுமதி, வழக்கறிஞர் கருத்துரை, பொறியாளர் மதிப்பீடு எல்லாம் கேட்கிறோம். அடித்தளம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாகப் பார்த்துப் பணம் விடுவிக்கிறோம். இருபது ஆண்டுகள் அந்த வீட்டுக்கு நீர் கொண்டுவரப்போகும் குழாயை மண் மூடுமுன் அழுத்தச் சோதனை செய்தீர்களா என்று ஒருவரும் கேட்பதில்லை. மதிப்பீட்டு அறிக்கையில் அதற்கென ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும் என்பது நம் தனிப்பட்ட கருத்து. மண் மூடிய பிறகு தோண்டிப் பார்க்கும் செலவு கடன் வாங்கியவருடையது. அந்த மாதத் தவணை தவறினால் வரும் கவலை இரு தரப்புக்கும் உரியது.

காப்பீடு இருக்கிறதே என்று நினைப்போருக்கு ஒரு சொல். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்னும் பொதுவான வீட்டுக் காப்பீட்டில், நீர்த்தொட்டியோ குழாயோ வெடித்தும் வழிந்தும் ஏற்படும் சேதம் அடங்கும். ஆனால், தேய்மானத்தாலும் மெல்ல மெல்ல நிகழும் சிதைவாலும் வரும் இழப்பைக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை. மாதக்கணக்கில் கசிந்த நீர் அடித்தளத்தின் மண்ணைக் கரைத்திருந்தால், அதை ஒரே நாளில் நேர்ந்த விபத்து என்று காட்டுவது எளிதன்று.

காலம் பற்றி ஒரு குறிப்பு. சோதனையை நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ வைத்துக்கொள்வது நல்லது. குழாய், வால்வு, தெளிப்பான் முனை ஆகியவை பெரும்பாலும் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கடல் தாண்டியே இங்கே வருகின்றன. உள்ளூர்க் கடையில் இல்லாத ஒரு பொருளுக்காக அடுத்த கப்பலை எதிர்பார்த்துக் காத்திருப்பது, தொட்டி நிறைந்திருக்கும் டிசம்பரில் ஒன்று. தொட்டி வறண்ட பிப்ரவரியில் முற்றிலும் வேறு. பென்சில் கோடு போட்டுப் பார்க்கும் முதற்சோதனைக்கு ஆளும் தேவையில்லை, பணமும் தேவையில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு, இரவு படுக்கப்போகும் முன் தொட்டியில் கோடு போட்டு விடியலில் பார்த்தால் போதும். கோட்டுக்குக் கீழே மட்டம் இறங்கியிருந்தால் அன்றே ஆளை அழைக்கலாம்.

நம் வீட்டு மின்பெட்டிக் கதவின் உட்புறத்தில் இப்போது ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. தோட்டக் கிளையின் அழுத்தம், வடிகட்டி கழுவிய நாள், மாற்றிய வால்வின் விலை ஆகியவை பெரியவரின் கையெழுத்தில் அதில் இருக்கின்றன. சென்ற டிசம்பரில் வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரரும் தம் தோட்டத்தைப் பார்க்கச் சொல்லி அவரை அழைத்துச் சென்றார்.