அளந்த பிறகே அனுமதி

மாரி தொடங்கினால் மன்னாரில் இரண்டு முறைப்பாடுகள் எழுகின்றன. மணல் அகழ்வால் அருவி ஆற்றின் கரை இடிகிறது என்பது ஒன்று. மன்னார்த் தீவில் காற்றாலைகளுக்குப் போட்ட பாதைகள் வெள்ளத்தை மறிக்கின்றன என்பது மற்றொன்று. மக்கள் ஒன்று சொல்ல, அதிகாரிகள் வேறொன்று சொல்ல, வெள்ளம் வடிந்ததும் பேச்சும் வடிந்துவிடும். இந்த வழக்கில் பொய் சொல்லாத சாட்சி நிலத்தின் மட்டம். அதை நுணுக்கமாக அளந்து பொதுவில் வைக்காமல், மண்ணில் கைவைக்கும் எந்த அனுமதிப்பத்திரமும் வழங்கக்கூடாது.

விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ லேசர் கதிர்களைத் தரைக்கு அனுப்பி, அவை திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணிப்பது லைடார் முறை. பற்றைகளின் இடைவெளியால் இறங்கித் தரையையும் அது தொடும். உயரத்தில் வரும் பிழை பொதுவாக 10 முதல் 15 சென்ரிமீற்றர். 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து எடுக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கும் உலக உயரத் தரவில் பிழை பல மீற்றர். கடலைவிடச் சில மீற்றரே உயர்ந்த தீவுக்கு அது உதவாது.

164 கிலோமீற்றர் ஓடி அரிப்புக் கிராமத்துக்கு அருகே கடலில் சேரும் அருவி ஆற்றில் இந்த வேலை எளிது. சாதாரண லைடார் கதிர் நீரை ஊடுருவாது; ஆனால் கோடையில் படுகையின் பெரும்பகுதி வெளியே தெரியும். மாரிக்கு முன் ஒருமுறை, அடுத்த கோடையில் மறுமுறை அளந்து கழித்துப் பார்த்தால், எங்கே எத்தனை கன மீற்றர் மணல் போனது, கரை எவ்வளவு பின்வாங்கியது என்பது தெரியும். ஓரிரு விரற்கடை மாற்றம் பிழைக்குள் மறைந்துவிடும். டிப்பர் டிப்பராக அள்ளிய குழி மறையாது. அந்தக் குழியும் வெட்டிய இடத்தில் நிற்பதில்லை. அதன் விளிம்பை வெள்ளம் அரித்து அரித்து ஆற்றின் மேற்பக்கம் நகர்த்துகிறது. வரும் மணல் குழிக்குள் தங்கிவிட, கீழ்ப்பக்கம் போகும் நீர் படுகையையும் கரையையும் தின்கிறது. அனுமதித்த இடத்தை மட்டும் போய்ப் பார்க்கும் பரிசோதனை அதனால்தான் போதாது.

தீவின் நிலை வேறு. ஆறில்லாத அந்த மணல் நிலத்தில் மழைநீர் தாழ்ந்த பள்ளங்கள் வழியே கடலைத் தேடுகிறது. ஒரு முழ உயரப் பாதை போதும், அதன் போக்கு மாற. 2020இல் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் 30 காற்றாலைகளுக்குப் பின் வெள்ளம் கூடியது என்கிறார்கள் மக்கள். புதிய காற்றாலைகளை எதிர்த்து 2025 ஓகஸ்டில் வீதிக்கும் வந்தார்கள். தீவின் மணலிலுள்ள இல்மனைற் கனிமத்தை அகழத் தொடங்கினால் நிலமட்டமே மாறும். முன்னும் பின்னும் அளந்த கணக்கு இல்லாமல் எந்தத் தரப்பும் தன் வாதத்தை நிறுவ முடியாது.

செலவு அதிகம் என்பார்கள். நெதர்லாந்து 1990களிலிருந்து நாடு முழுவதையும் திரும்பத் திரும்ப அளந்து, தரவை எவரும் இலவசமாகப் பெற விட்டிருக்கிறது. நாம் கேட்பது ஒரு தீவையும் ஓர் ஆற்றின் கீழ்ப்பகுதியையும் மட்டுமே. செலவை அனுமதி கேட்பவர்களிடம் அறவிடலாம். ஆனால் அளப்பது நில அளவைத் திணைக்களமாகவே இருக்கவேண்டும். விண்ணப்பதாரர் கூலிக்கு அமர்த்திய குழுவாக அல்ல.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது அருவி ஆறு பெருக்கெடுத்ததை மன்னார் மறக்கவில்லை. வரும் கோடையிலேயே முதல் அளவை நடக்கவேண்டும். வரைபடங்கள் பிரதேச செயலகங்களில் தமிழில் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். அதுவரை புதிய மணல் அனுமதிகளை அரசு நிறுத்திவைக்கவேண்டும்.