பினாயில் வாசனை வந்தால் தரை சுத்தமா? நாய், பூனை வளர்ப்பவர்கள் கவனிக்க!

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் பக்கத்து வாடகை வீடுகளில் இந்தக் காட்சி சகஜம். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, காலையில் கதவைத் திறந்தால் குப்பென்று ஒரு வாடை. பத்து மணி நேரம் தனியாகப் பூட்டிக்கிடந்த நாய்க்குட்டி ஹாலிலேயே சிறுநீர் கழித்திருக்கும். வீட்டு ஓனரின் முகம் நினைவுக்கு வரும். உடனே கை போவது பினாயில் பாட்டிலுக்குத்தான். இரண்டு மூடிக்குப் பதில் நான்கு மூடி ஊற்றி, தரையைத் துடைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள்.

பிரச்னை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நாம் செருப்போடோ வெறுங்காலோடோ நடந்துபோகும் தரையில்தான் நாயும் பூனையும் படுக்கின்றன, உருளுகின்றன, கீழே விழுந்ததை எடுத்துத் தின்கின்றன. பிறகு பாதத்தையும் ரோமத்தையும் நக்கிச் சுத்தம் செய்துகொள்கின்றன. தரையில் என்ன ஊற்றுகிறோமோ, அதில் கொஞ்சம் அவற்றின் வயிற்றுக்குள் போகிறது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கும் இது பொருந்தும்.

பூனைக்கு ஏன் அதிக ஆபத்து?

கருப்பு பினாயில், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் ஃபீனால் வகைப் பொருள்களால் ஆனது. வெள்ளை பினாயிலில் பெரும்பாலும் பைன் எண்ணெய் இருக்கும். ஃபீனாலை உடைத்து வெளியேற்ற மனிதர்களின் கல்லீரலில் ஒரு நொதி வேலை செய்கிறது. பூனைக்கு அந்த நொதியின் செயல்பாடு மிகக் குறைவு. நாம் சாதாரணமாகப் போடும் பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரையே பறிப்பதற்கும் இந்தக் குறைபாடு ஒரு முக்கியக் காரணம்.

நறுமணத்துடன் கடைகளில் கிடைக்கும் ஃப்ளோர் கிளீனர்கள் பலவற்றில் பென்சல்கோனியம் குளோரைடு இருக்கும். அளவுக்கு மீறிக் கலந்தாலோ, தரை ஈரமாக இருக்கும்போதே பூனை நடந்து பாதத்தை நக்கினாலோ நாக்கிலும் வாயிலும் புண் வரலாம். யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ ஆயில் போன்றவற்றை ‘இயற்கைதானே’ என்று துடைக்கும் தண்ணீரில் கலப்பதும் ஆபத்து. நாய் அந்த மூலைக்கு வரக்கூடாது என்று பாச்சை உருண்டை போடுவதை அறவே விட்டுவிட வேண்டும். ஆர்வத்தில் விழுங்கிவிட்டால் அது விஷம்.

பிளீச்சிங், ஆசிட்: கலக்கவே கூடாது

சிறுநீர் கிடக்கும் இடத்தில் நேரடியாக பிளீச்சிங் பவுடரையோ திரவத்தையோ ஊற்றுபவர்கள் உண்டு. சிறுநீரிலிருந்து உண்டாகும் அம்மோனியாவோடு பிளீச் சேர்ந்தால் குளோரமின் என்ற வாயு வெளிவரும். பிளீச்சோடு பாத்ரூம் ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். இரண்டுமே கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கும் ஒற்றை அறை வீட்டில், முதலில் மூச்சுத் திணறுவது தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பிராணிதான்.

வாடை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. டைல்ஸ் இடுக்குகளிலும் சிமென்ட் தரையின் நுண்துளைகளிலும் படிகமாகத் தங்கிவிடும். காய்ந்திருக்கும்போது தெரியாது. காற்றில் ஈரம் ஏறியதும் மறுபடியும் நாற்றமடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீடு திடீரென்று நாறுவதற்கு இதுவே காரணம். பினாயில் அந்தப் படிகத்தை நீக்குவதில்லை. அதன்மேல் இன்னொரு வாசனையை ஏற்றுகிறது, அவ்வளவுதான். நம் மூக்கு ஏமாறும், நாயின் மூக்கு ஏமாறாது. பழைய வாடையைக் கண்டுபிடித்து அதே இடத்துக்குத் திரும்பவும் போகும். அம்மோனியா உள்ள கிளீனர் இன்னும் மோசம். நாய்க்கு அது சிறுநீர் வாடையைப் போலவே தெரியும்.

எப்படித் துடைக்கலாம்?

* முதலில் பழைய செய்தித்தாள் அல்லது பருத்தித் துணியை மேலே வைத்து அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் பரவும்.

* வெறும் தண்ணீர் விட்டு மறுபடியும் ஒற்றி எடுக்க வேண்டும்.

* பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுகளைத் தண்ணீரில் கலந்து துடைத்து, பிறகு நல்ல தண்ணீரில் இன்னொரு முறை துடைக்க வேண்டும்.

* வாடை போகவில்லை என்றால், செல்லப்பிராணிகளுக்கான பொருள்கள் விற்கும் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் என்சைம் கிளீனரை அந்த இடத்தில் ஊற்றி, லேபிளில் சொன்ன நேரம் வரை ஊறவிட வேண்டும். அவசரப்பட்டு உடனே துடைத்தால் பலன் இல்லை. அதே இடத்தில் பினாயிலும் ஊற்றினால் என்சைம் வேலை செய்யாமல் போகலாம்.

* ஃபேனைப் போட்டு, தரை முழுவதும் காய்ந்த பிறகே பிராணியை உள்ளே விட வேண்டும். துடைத்த வாளித் தண்ணீரை உடனே கொட்டிவிட வேண்டும். தாகத்தில் நாய் அதைக் குடித்துவிடும்.

வினிகர் கலந்து துடைக்கும் யோசனையும் சுற்றிவருகிறது. செராமிக் டைல்ஸுக்குப் பரவாயில்லை. மார்பிள், மொசைக், சிமென்ட் தரையை அது அரித்துவிடும். வாடகை வீட்டில் அட்வான்ஸ் பணத்துக்கே வேட்டு!

கிருமிநாசினி எப்போது தேவை?

அன்றாடம் தேவையில்லை. குட்டிக்குப் பார்வோ வைரஸ் தாக்கி ரத்தப்போக்கும் வாந்தியும் இருந்தால் கட்டாயம் தேவை. இந்த வைரஸ் தரையில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். சாதாரண ஃப்ளோர் கிளீனரை நம்ப முடியாது. பிராணியை வேறிடத்துக்கு மாற்றி, அசுத்தத்தை நீக்கி, சோப்புத் தண்ணீரில் தரையைக் கழுவி அலசிய பிறகு, 1 பங்கு திரவ பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டும். ஜன்னலைத் திறந்துவைத்து, 10 நிமிடம் விட்டு நன்றாக அலச வேண்டும். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். இதற்கும் பார்வோவுக்கும் தடுப்பூசி உண்டு.

விபரீதம் நடந்துவிட்டால்...

வாயில் எச்சில் ஒழுகுவது, வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம், வாயிலோ பாதத்திலோ புண் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. அது தொண்டையை மறுபடியும் புண்ணாக்கும், நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கையுறை போட்டுக்கொண்டு, பாதத்தையும் ரோமத்தையும் மிதமான சோப்பாலும் வெதுவெதுப்பான நீராலும் கழுவ வேண்டும். நக்க விடாமல் துண்டில் சுற்றி, அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பக்கத்து கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். உயர் சிகிச்சை தேவை என்றால், 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்.

மருத்துவர் முதலில் கேட்பது, ‘பாட்டிலில் என்ன இருந்தது?’ என்றுதான். தெருவில் லிட்டர் கணக்கில் வாங்கி, பழைய வாட்டர் பாட்டிலில் ஊற்றிவைத்த பினாயில் என்றால் அதற்குப் பதில் கிடையாது.

இந்த வட்டாரத்துத் தொழிலாளர்களுக்கு இது புதிய பாடமும் இல்லை. 1984 போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான பொருள்களைக் கையாளும் ஆலைகள், அவற்றின் ஆபத்தைத் தொழிலாளர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற விதி அப்போது வந்தது. பெயர் எழுதாத கேனை எந்தக் கம்பெனியிலும் பிரிக்க விடமாட்டார்கள். எதை எதோடு கலக்கக் கூடாது, கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று சொல்லும் பாதுகாப்புத் தாள் பக்கத்திலேயே இருக்கும்.

அதே பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவரலாம். லேபிள் உள்ள பாட்டிலை மட்டும் வாங்குவது, சொன்ன அளவைத் தாண்டாமல் கலப்பது, ஒன்றோடு ஒன்றைச் சேர்க்காமல் இருப்பது, எட்டாத உயரத்தில் வைப்பது. இவற்றுக்குத் தனியாகச் செலவு எதுவும் இல்லை. ஷிஃப்டுக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து, இடையில் ஒருமுறை நாயை வெளியே அழைத்துப்போகச் சொன்னால், தரையைத் துடைக்கும் வேலையே பாதி குறைந்துவிடும்.